நான் போகாத கூட்டத்தின் கைதட்டல்

நான் போகாத ஒரு கூட்டத்தில் கைதட்டல் எழுந்ததாக எழுதியிருக்கிறேன். 'பலத்த கரகோஷத்துக்கு மத்தியில்' என்றே எழுதினேன். கூட்டம் நடந்த நேரத்தில் கல்குடாவில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில், இளம் செய்தியாளர்களுக்கு ஊடகப் பொறுப்புப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டில் இறால் இருந்தது.

கூட்டம் உன்னிச்சையில். சிறுபோக நெல் விதைப்புக்குக் குளத்துத் தண்ணீரை என்றைக்குத் திறப்பது என்று அதிகாரிகளும் விவசாயிகளும் கூடித் தீர்மானிப்பார்கள். கொஞ்சம் கத்துவார்கள், தேநீர் வரும், அதிகாரிகள் கொண்டுவந்த திகதியே தீர்மானமாகும். ஆகவே எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: திகதியை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, செய்தியை எழுதி அனுப்பிவிட்டு, கூட்டத்தை அதன் பாட்டில் நடக்க விடுவது. இருபது வருடமாக அரசியல் பத்தி எழுதி, மாவட்டத்தின் ஒவ்வொரு தேர்தல் முடிவையும் முன்கூட்டியே அறிவிக்கிறவனுக்கு ஒரு தண்ணீர்க் கூட்டம் பெரிய காரியமா?

அந்த முறை விவசாயிகள் விடவில்லை. வாய்க்காலைத் துப்புரவாக்காமல் தண்ணீர் திறக்கக் கூடாதென்று நின்று, திகதியைப் பத்து நாள் தள்ளிவிட்டார்கள். என் செய்தியிலோ, வியாழக்கிழமை திறக்க ஏகமனதாகத் தீர்மானம். அன்று மாலையே எனக்கு விஷயம் தெரியும். பத்திரிகைக்கு ஓர் அழைப்பு எடுத்தால் போதும். எடுத்தால் நான் போகவில்லை என்பதும் தெரிந்துவிடும். எடுக்கவில்லை.

வியாழன் காலை எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பாராட்டுகிறவர்கள் வசதியாகப் பாராட்டட்டும் என்று பத்தியின் அடியில் இலக்கத்தைப் போட வைத்தவன் நானே.

"தம்பி, நான் உங்கட பத்தி வாசிக்கிற ஆள். வாய்க்கால் கட்டில நிக்கிறன். தண்ணிய இன்னும் காணல்ல. எத்தின மணிக்குத் திறப்பாங்க?"

"விசாரிச்சுச் சொல்றன் அண்ணன்." விசாரிக்க என்ன இருந்தது?

"கெதியாச் சொல்லுங்க. விதைநெல் முளை கட்டிக் கிடக்கு."

அவருடைய வயல்வட்டையில் பிந்திய மழையோடு உழவு முடிந்திருந்தது. கடைசிச் சேறடித்து விதைக்கத் தண்ணீர்தான் பாக்கி. முளைத்த நெல்லோ பத்து நாள் காத்திராது.

ஒரு நாள் முழுக்கத் திருப்பி அழைக்காமல் இருந்துவிட்டு, சனிக்கிழமை வீடு விசாரித்துப் போனேன். முற்றத்தில் படங்கு விரித்து முளைநெல் கொட்டிக் கிடந்தது. கோழிகள் அதன்மேல் ஏறி நின்று கொத்தின. அவர் மனைவி ஒரு கண்ணில் கட்டோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அவருக்குக் கண் ஒப்பரேசன் என்று ஆஸ்பத்திரியில் கூட நின்றதால்தான் மனிதர் கூட்டத்துக்குப் போகவில்லை.

"கூட்டத்துக்குப் போன வட்டைவிதானை வந்து சொன்னவர்தான், திகதி தள்ளிப்போட்டாச்செண்டு," என்றார் மனிதர், எனக்குத் தேநீரை நீட்டியபடி. "நான்தான் கேக்கல்ல. பேப்பர்ல உங்கட பேரோட வந்திரிக்கி எண்டு அவரோட சண்டையும் பிடிச்சன். இப்ப அவர் என்னோட கதைக்கிறல்ல."

திகதியை அதிகாரிகள் பிழையாகத் தந்தார்கள் என்று சொல்லத்தான் வழிநெடுகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு கோழி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது.

"அண்ணன், நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்ல."

அவர் படங்கில் நின்ற ஒரு கோழியை விரட்டினார்.

"அப்ப கைதட்டினது ஆரு?"

நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன். கதிரையிலிருந்து அவர் மனைவி எனக்காகப் பரிந்து பேசினார்.

"உங்களில பிழை இல்ல மனே. எலக்சனுக்கு எலக்சன் நீங்க எழுதினத இவர்தான் எனக்கு வாசிச்சுக் காட்டுற. ஒண்டாவது நடந்திரிக்கா? தெரிஞ்சுகொண்டும் நெல்ல நனைச்சாரே, இந்த மனிசன்லதான் பிழை."