ஆறாவது புள்ளி

"உன் கம்பியத் தொட்டு எனக்கு இன்னாடி ஆவணும்? நீ கோணலா கோடு இஸ்துட்டு என் தலையில கட்டறியா?"

ஆதியம்மா போட்ட கத்தல்ல பொண்ணு ரத்னா ரெண்டடி பின்னால போயிட்டா. கத்தினது அத்தினியும் பொய்யி. தொட்டது ஆதியம்மாதான்.

திருவிடந்தைக் குப்பத்துல மீன் கூடை தூக்கறவ ஆதியம்மா. கைநாட்டு. பொண்ணு ஒம்பதாங் கிளாஸ். ஒரு நாளு ரத்னா வந்து, "யம்மா, டீச்சர் என்னைய கிராப் போடச் சொல்லிகீறாங்க"ன்னா. "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குடி கிராப்பு? மொதல்ல அந்த டீச்சரு கொண்டைய வெட்டிக்கட்டும்"னு இவ எகிறினா. ரத்னா வயித்தப் புடிச்சிகினு சிரிச்சா. கட்டம் போட்ட தாள்ல புள்ளி வெச்சி கோடு இஸ்கறதாம் அது. சுருள் கம்பியில எடைக்கல்லு மாட்டினா எவ்ளோ இறங்குதுன்னு அளந்து தாள்ல போடணும். நல்லா வந்தா செங்கல்பட்டு கண்காட்சிக்குப் போவலாம். ரத்னா சுத்தமா போடுவான்னு சியாமளா டீச்சர் கம்பியையும் கல்லுங்களையும் வூட்டுக்கே குடுத்தனுப்பிச்சாங்க.

வெள்ளிக்கெழம அஞ்சு கல்லு மாட்டி அஞ்சு புள்ளி வெச்சா. படிக்கட்டு மாரி ஒழுங்கா ஏறிச்சி. மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்னு கம்பிய ஆணியிலயே வுட்டுட்டா.

மறுநா காலையில பொண்ணு தண்ணிக்குப் போன நேரம், ஆதியம்மாவுக்குக் கை நமநமன்னுது. கல்லுக்கே இம்மாம் இறங்குதே, மீனுக்கு எவ்ளோ இறங்கும்? கூடையிலேர்ந்து ஒரு திருக்கைய எடுத்து மாட்டினா. கம்பி சர்ருனு தரைகிட்ட வந்துச்சி. சின்னப்புள்ள மாரி சிரிச்சிகினா. மீன எடுத்தா, கம்பி முழுசா மேல ஏறல. அமுக்கிப் பாத்தா, சுருட்டிப் பாத்தா. ம்ஹூம். கழுவித் தொடச்சி அதே ஆணியில மாட்டிட்டு யாவாரத்துக்குப் போயிட்டா.

சாயங்காலம் ரத்னா மீதிக் கல்லுங்களையும் மாட்டிப் புள்ளி வெச்சிட்டு தாள நீட்டினா. "பாரும்மா. மொத அஞ்சு புள்ளி ஒரு கோடு. ஆறுலேர்ந்து வேற கோடு. ரெண்டும் ஒரே சாய்வாத்தான் கீது. நடுவுல மட்டும் ஒரேயடியா தாவுது. நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல யாரோ கம்பிய புடிச்சி இஸ்துகீறாங்க. நீ தொட்டியா?"

யாருமே பாக்கலியே, இந்தத் தாளு எப்டி பாத்துச்சி? அப்ப வந்ததுதான் அந்தக் கத்தல். அது பத்தாதுன்னு, "மீன் நாத்தத்துக்குப் பூனை தொங்கிச்சோ இன்னாமோ"ன்னு வேற சொல்லிட்டா.

ரத்னா கம்பிய மோந்து பாத்தா. அம்மா மூஞ்சியப் பாத்தா. தாள மடிச்சி பையில வெச்சிகினா.

திங்கக்கெழம மத்தியானம், சோத்துக்கு வூட்டுக்கு வந்த பிரபாவதி, ரத்னாவோட படிக்கறவ, தெருவுலயே நிறுத்திச் சொன்னா. "அத்தே, ரத்னாவ வெளிய நிக்க வெச்சிகீறாங்க. கோடு நடுவுல தாவுதே, அளக்காமயே எழுதினியான்னு டீச்சர் கேட்டாங்க. அவ வாயே தொறக்கல."

ஆதியம்மாவுக்குக் காலு பள்ளிக்கூடம் பக்கம் திரும்பிச்சி. மூஞ்சி வரல. கூடை மீன வித்துட்டு வூட்டுக்கு வந்தா. பொண்ணு எப்பவும் போலவே சோறு போட்டா. நாலு வார்த்த திட்டியிருந்தா தேவலாம். செவ்வாக்கெழமயும் அப்டியே போச்சி.

புதங்கெழமதான் போனா. கிளாஸ் வாசல்ல கூடைய எறக்கி வெச்சா.

"டீச்சரம்மா, பொய் சொன்னது எம் பொண்ணு இல்ல, நானு. அந்தக் கம்பியில திருக்கைய மாட்னது நாந்தான்."

"எதுக்கும்மா மாட்டினீங்க?"

"ஆசையா இருந்துச்சி."

கிளாஸே சிரிச்சிது. ரத்னா மட்டும் தலைய குனிஞ்சிகினா.

டீச்சர் தாள எடுத்து ரெண்டு கோட்டு மேலயும் ஸ்கேல வெச்சிப் பாத்தாங்க. "ஒரே சாய்வு. கற்பனையா எழுதினா இப்படி வராது. நான் கவனிச்சிருக்கணும்." அப்பறம் மெதுவா, "கண்காட்சிக்கு நேத்தே பேர் அனுப்பிட்டேனேம்மா. பிரபாவதி பேர போட்டுட்டேன்"னாங்க.

நேத்து. ஆதியம்மா கூடைய தலையில வெச்சிகினு வெளிய வந்துட்டா.

கண்காட்சி அன்னிக்கி ரத்னா எப்பவும் போல பள்ளிக்கூடம் போனா. ஆதியம்மா கடக்கரைக்கும் போவல, கூடையும் தூக்கல. பஸ் ஏறி செங்கல்பட்டுக்குப் போயி, ஒரு நோட்டுக் கடையில நின்னா.

"கட்டம் போட்டது குடு நைனா, எம் பொண்ணுக்கு."

"ஷீட்டா, நோட்டா?"

"எதுல நெறைய கட்டம் கீதோ, அது."

கடக்காரன் பெரிய நோட்டா ஒன்னு எடுத்து வெச்சான். ஒன்னே கால் ரூவா. ஆதியம்மா முந்தானை முடிச்ச அவுத்தா.