பூனையின் எடை

ஆண்டர்சன்பேட்டை மளிகைக்கடை ராஜத்துக்கு ஓரிடத்தில் நிம்மதியாக உட்காரத் தெரியாது. நல்ல சேதியை வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. மகள் ரூபா வகுப்பில் முதலாவதாக வந்தபோது, "ஏதோ பாஸாயிட்டா" என்றாள். கடையில் கூட்டம் அலைமோதும் நாளிலும், "ஈ ஓட்டிக்கினு கீறோம்" என்பாள். சொன்னால் கண் பட்டுவிடுமாம்.

அப்படிப்பட்டவள் செல்லமாக வளர்த்த கடலை என்ற பூனைக்கு வயிறு தண்ணீர் கோத்துப் பானைபோல் வீங்கியது. அள்ளிக்கொண்டு பெங்களூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பூனைகளைக் கொல்லும் வைரஸ் நோய் என்றார் டாக்டர் ஹரிஷ்குமார். புது மாத்திரை ஒன்றை அங்கே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலையையும் அந்தச் சோதனையில் சேர்த்துக்கொண்டார்.

"எடைக்குத் தகுந்த அளவும்மா. வாராவாரம் எடை போட்டு போன்ல சொல்லுங்க. எடை ஏறினா மாத்திரையையும் ஏத்தணும்."

வயிற்றுத் தண்ணீர் வற்றி, எலும்பும் தோலுமாக இரண்டு கிலோவுக்கு இறங்கிய கடலை மெல்லத் தின்னத் தொடங்கியது. கடைத் தராசில் அதை வைத்து, முந்தானையால் நம்பரை மறைத்துக்கொண்டுதான் ராஜம் பார்ப்பாள். கணவர் துளசிராமன் எட்டிப் பார்த்தால்கூட, "போங்க அந்தாண்ட" என்று விரட்டுவாள். எடை மூன்று கிலோவைத் தொட்டபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரிடம் போனில், "அதே ரெண்டுதாங்க சார்" என்றாள்.

ஒருநாள் காலையில் கடலையின் பின்கால்கள் பின்னிக்கொண்டன. கண் மங்கிவிட்டது, பாலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ராஜம் கடைக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்தாள். பிறகு கடையிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்தாள்.

"எடை ஏறவே இல்லையா?" டாக்டர் குழம்பினார். "அப்போ மருந்து கேக்கலன்னு அர்த்தம். நிறுத்திட வேண்டியதுதாம்மா."

நிறுத்தினால் பூனை இல்லை. ராஜத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கடை நிறைய ஜனம். சர்க்கரை வாங்க நின்ற கிருஷ்ணம்மாவோ, ஒரு சேதி கிடைத்தால் ஊர்க்கோடியில் இருக்கும் பாலகாட் வரைக்கும் பரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

"மூணு கிலோ சார்!" என்று கத்திவிட்டாள். "கொழுகொழுன்னு வளந்துச்சி. கண்ணு பட்டுடும்னு நான்தான் கொறச்சி சொன்னேன்."

துளசிராமன் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டார். "இன்னா ராஜம், அப்போ இத்தினி நாளா அரைகொறையா மருந்து குடுத்தியா?"

ராஜம் அழுதாள். நோய் நரம்புக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். அன்றைக்கே அளவையும் கூட்டினார்.

கடலை பிழைத்தது. ஆனால் ஒரு பின்கால் இழுத்தது இழுத்ததுதான். அது நொண்டிக்கொண்டு கடை வாசலுக்கு வரும்போது கிருஷ்ணம்மா உச்சுக்கொட்டுவாள்.

"பாவம், எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!"

"வேற யாருதும் இல்லக்கா" என்பாள் ராஜம். "எல்லாம் நான் பண்ணதுதான்."