சூரியனில் பெய்யும் மழை

மாலை ஐந்தே முக்காலுக்கு மகளின் தொலைபேசி நின்றுபோனது. பௌதிகவியல் ரீச்சர் வீட்டு வகுப்பு ஐந்து மணிக்கே முடிந்திருக்க வேண்டும். சைக்கிளை எடுத்து ரீச்சரின் ஊரான முரசுமோட்டைக்கு மிதித்தேன். அவள் சற்றுப் பிந்தினாலே என் கை சைக்கிளைத் தேடும். போருக்குள் கைக்குழந்தையாக அவளை அணைத்துக்கொண்டு ஓடிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கைகளுக்கு அது இன்னும் தெரியாது.

ரீச்சர் வீட்டு யன்னலுக்குள் மகள் தெரிந்தாள். மடிக்கணினியில் சூரியனின் விளிம்பு. அதில் நெருப்பு வளைவுகள், வளைவுகளின் வழியே இறங்கும் துளிகள். ரீச்சரின் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்தே புட்டை எடுத்துத் தின்றபடி கையை வளைத்து வளைத்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் இப்படிக் கதைத்து எவ்வளவு காலம்.

சூரியனைப் பற்றிய கேள்வி முதலில் என்னிடம்தான் வந்தது. குசினியில் நின்று கேட்டாள்: அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையும், சூரியனில் மட்டும் மேற்பரப்பைவிட வெளி வளிமண்டலம் ஏன் இவ்வளவு கூடக் கொதிக்கிறது? கொதிக்கிற பிளாஸ்மா ஏன் திடீரென்று குளிர்ந்து மழையாக விழுகிறது? நான் வர்த்தகம் படித்தவள். தெரியாது, ரீச்சரிடம் கேள் என்றேன். நானே அனுப்பிவைத்தேன். அதன்பிறகு வீட்டில் எதற்கும் "மிஸ் சொன்னவா"தான்.

பிறகு ஒருநாள், வேலை செய்யும் கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் ஒளித்துப் படித்தேன். காந்தப்புல வளைவுகளில் பிளாஸ்மா சேர்ந்து அடர்த்தியாகும்போது, சூட்டை ஒளியாக வேகமாக இழந்து குளிர்ந்து விழுகிறதாம். பாதிதான் விளங்கியது. மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போது யன்னலுக்குள் பிள்ளை பத்திரம் என்று கண்டபிறகும் மனம் ஆறவில்லை. கூப்பிடாமலே திரும்பினேன். நாளையிலிருந்து வகுப்புக்கு விடுவதில்லை என்று வழியிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

பொழுதுபட ஸ்கூட்டர் வந்து வாசல் படலையடியில் நின்றது. பின்னாலிருந்து மகள் குதித்தாள்.

"சார்ஜ் முடிஞ்சுது அம்மா. சாப்பிட என்ன இருக்கு? மிஸ்ஸின்ர புட்டு தொண்டைக்குள்ள இறங்குதில்லை."

ரீச்சர் சிரித்தா. நேரம் போனது தெரியவில்லை, குறை நினைக்க வேண்டாம் என்றா. நான் முகம் கொடுக்கவில்லை. அவா ஸ்கூட்டரைத் திருப்பவுமில்லை.

"சூரியன்ர வெளிப்பக்கம் ஏன் அவ்வளவு சூடெண்டு முதல் உங்களிட்டத்தான் கேட்டவளாம். நீங்கள் தெரியாதெண்டனீங்களாம்."

"ஓம்," என்றேன்.

"நானும் அதைத்தான் சொன்னனான் அக்கா. அதை ஆராயிற ஆக்களுக்கே இன்னும் முழுசாப் பிடிபடேல்லை. இவள் நம்பிறாளில்லை. நாளைக்கு நீங்களும் வாங்கோ, ரெண்டு பேருமாச் சேர்ந்து தெரியாதெண்டு சொல்லுவம்."