அண்ணன் வயலில் வடித்த தண்ணீர்

நெல் வளர்ப்பதைப் பற்றிப் படித்துவிட்டு, அதற்காகவே பெரியப்பா மகனிடம் வாய் நிறையச் சேற்றோடு உதை வாங்கிய ஆள் தா.பழூர் பக்கம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது அரியலூரில் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயி. வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டக் கூடாது, இடையில் வடித்துக் காயவிட்டால் வேர் ஆழமாக இறங்கும், தூர் நிறைய வெடிக்கும் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தான். உண்மைதான். எங்கே வடிப்பது என்று போடவில்லை. எங்கள் பக்கம் தண்ணீர் வயலுக்கு வயல் இறங்கும். எனக்குக் கீழே அந்தப் பெரியப்பா மகன், அண்ணன் வயல்.

மம்பட்டியால் வரப்பை வெட்டினேன். தண்ணீர் திமிறிக்கொண்டு பாய்ந்தது. அண்ணன் அப்போதுதான் தன் வயலில் தண்ணீரைச் சுண்டவைத்து, யூரியா தூவி, மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்திருந்தார். உரத் தட்டுப்பாடு, சொசைட்டி வாசலில் நாள்கணக்காக நின்று வாங்கிய ஒரே மூட்டை. பயிர் மஞ்சளடித்து அதற்காகவே காத்திருந்தது. என் தண்ணீர் அவர் மடையைப் பிய்த்து, யூரியாவை வாரிக்கொண்டு போனது.

"அடப்பாவி! உரம் போட்ட வயல்டா!"

"இல்லண்ணே, வேருக்குக் காத்து போவணும்னு..."

"ஒனக்கு மொதல்ல காத்த நிறுத்துறேன், இரு!"

மம்பட்டிக் காம்பு தோளில் இறங்கியது. இரும்புப் பக்கத்தைத் திருப்பாததைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன். விழுந்தவன் பிடரியைப் பிடித்துச் சேற்றில் அமுக்கினார். மூச்சு முட்டியது. கைக்குப் பதில் வாய் வேலை செய்தது. தலையைத் திருப்பி, வாயருகே வந்த அவர் கட்டைவிரலைக் கடித்தேன்.

"கடிக்கிறியா? ஆபீசர் கடிக்கிறாரு பாரு!"

முழங்காலால் விலாவில் குத்தினார். நான் விடவில்லை. ஆட்கள் பிரித்தபோது என் காறை எலும்பு முறிந்திருந்தது. அவர் நகம் என் வாயில் இருந்தது.

அண்ணன் பயிர் தேறவேயில்லை. அறுப்பில் பாதிக்குமேல் பதர். என் நெல்லில் ஈடு கொடுக்கப் போனேன். மூட்டையை எட்டி உதைத்தார். தையல் பிரிந்து நெல் வாசலெல்லாம் சிதறியது. "பொறுக்கிக்கிட்டுப் போடா" என்றார். பொறுக்கினேன்.

திரும்பும் வழியில், அண்ணனுக்கும் கீழ்வயல்காரியான அத்தை களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். குவியல் ஆள் உயரம்.

"இந்தப் போவம் ஒரமே வாங்கல தம்பி. அப்படி வெளைஞ்சிருக்கு. அடுத்த தடவ மட்டும் முன்னாடியே சொல்லிட்டு அடிச்சுக்கங்க, மடையத் தொறந்து வச்சிடுறேன்."