நான் கொடுத்த தண்ணீர், கர்த்தர் திருப்பிக் கொடுத்த பேத்தி

போன கோடையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் நாலு மாதப் பேத்தி ஜெசிக்கு என் மடியிலேயே வலிப்பு வந்தது. கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே போய்விட்டது. காரணம் யார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சபையாரே, இதை நான் மறைத்திருக்கலாம். மறைக்காமல் இருந்ததால்தான் இன்றைக்குச் சாட்சி சொல்ல எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பத்து வயதில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோலுக்கு உப்பு தேய்த்தேன். இன்றைக்கு நாற்பது தையல் மிஷின் போட்டு ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறேன். யார் தயவிலும் வந்தவன் இல்லை. எங்கள் தெரு போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அந்தத் தெருவில் முதன்முதலில் ஆர்.ஓ. மிஷின் வாங்கி, வாசலில் ஒரு குழாயும் வைத்தவன் நான்தான். தெருவே அங்கே குடம் வைக்கிறது. அந்தத் தண்ணீரைப் பற்றி எனக்கு இருந்த பெருமைதான் என்னைத் தள்ளிவிட்டது.

கத்திரி வெயில் நேரம். மருமகள் எஸ்தர் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மகன் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள, பிள்ளையை நான் வைத்திருந்தேன். உதடு காய்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் தண்ணீர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் மாமா. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு நர்ஸம்மா சொன்னாங்க. அழுதா எங்கிட்ட தூக்கினு வாங்க. வெயிலுக்கு வேணும்ற தண்ணியும் பால்லயே இருக்குது.”

“அது போர் தண்ணிக்கு சொன்னது. நம்ம மிஷின் தண்ணிக்கு இன்னா கொறச்சல்?”

“மிஷின் உங்களுது மாமா. வயிறு அவளுது.”

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது பேருக்கு வேலை சொல்கிறவன், வீட்டில் ஒரு பெண்ணிடம் கேட்டு நடப்பதா? அவள் கண் அசந்ததும் புட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அழுகை நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று நாள், அழுதபோதெல்லாம் புட்டி. பிள்ளை பாலுக்குச் சரியாக வாய் வைக்கவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தாள். நான் அதைச் சமத்து என்றேன். சனிக்கிழமை உடம்பு ஜில்லிட்டது. அப்புறம்தான் அந்த வலிப்பு.

காரில் போட்டுக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வலிப்பை நிறுத்தியபின் டாக்டரம்மா, பாலைத் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். எஸ்தர் அழுதுகொண்டே, இல்லை என்றாள். மகனும் இல்லை என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டேன்.

அங்கே முழங்கால் போட்டேன். சபையில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஜெபிக்கிறவன் நான். அன்றைக்கு வந்தது ஒரே வரிதான். ஆண்டவரே, பிள்ளையைக் கொடுத்துவிடும். பதிலும் ஒரே வரிதான். நீ கொடுத்ததைப் போய்ச் சொல். காதில் ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. மருமகள் எதிரில் எப்படிச் சொல்வது என்று அவரோடு வாதாடிப் பார்த்தேன். அவர் விடவில்லை. எழுந்து உள்ளே போனேன்.

“நான்தாம்மா தண்ணி குடுத்தேன். மூணு நாளா. புட்டி புட்டியா.”

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. உடனே நர்ஸிடம் ஏதோ சொன்னார், வேலை வேகமானது. அப்புறம் எனக்குப் புரியும்படி சொன்னார். இந்த வயதில் குழந்தையின் சிறுநீரகம் அவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளாது. இரத்தத்தில் இருக்கிற உப்பு நீர்த்துப்போகும், அதனால் வலிப்பு வரும். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதுதான் கதி. தண்ணீரால் வயிறு நிரம்பினால் பாலும் இறங்காது. உப்பு குறைந்தால் பச்சைத் தோல் அழுகிப்போகும் என்று பத்து வயதில் கற்றவன் நான். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

உப்பை அளந்து அளந்து ஏற்றினார்கள். மறுநாள் காலை, ஆராதனை நேரத்தில், ஜெசி கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதாள். என் வாழ்நாளில் அப்படி ஒரு பாட்டு நான் கேட்டதில்லை. கர்த்தருக்கே மகிமை.

எஸ்தர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், “நீங்க சொல்லாம இருந்திருந்தா மாமா...” என்று தொடங்கினாள்.

இப்போது என் குழாயில் குடம் வைக்க வருகிற தாய்மார்களிடம் நானே சொல்கிறேன். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். வெயில் ஜாஸ்தி என்றால் பாலை அடிக்கடி கொடுங்கள். சோர்ந்து பால் குடிக்காமல் கிடந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஜெசிக்கு ஆறு மாதம் முடிந்து குழைந்த சோறு ஊட்டிய அன்று, எஸ்தர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தாள். சின்ன டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். அதை என் கையில் கொடுத்தாள்.

“ரெண்டு மடக்கு போதும் மாமா.”

இரண்டு மடக்கு கொடுத்தேன். பிள்ளை இன்னும் வேண்டும் என்று டம்ளரைப் பிடித்து இழுத்தாள். யாரையும் கேட்டு நடக்காத நான், எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே சரி என்று தலையசைத்தாள்.

இதை வாசிக்கிறவர்களே, நெருக்கத்தில் நீங்களும் கர்த்தரிடம் போங்கள், கட்டாயம் பதில் தருவார். அந்தப் பதில் உங்கள் மானத்தைக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தேன். என் பேத்தி இப்போது என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் தவழ்கிறாள்.