அக்கா நம்ப மறுத்த கையெழுத்து

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேர், அக்கா உயிரோடு இருந்தபோது அவரைக் "குத்தம் பாக்குற பொம்பள" என்று சொன்னவர்கள். மீதிப் பேர் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள். நான் இரண்டு பக்கமும் இருந்தவன். அக்கா மறைந்து ஓராண்டு ஆகும் இந்நாளில் நாலு நல்ல வார்த்தை எழுதி, மேலே ஒரு குத்துவிளக்குப் படம் போட்டு முடித்துவிடலாம்தான். அச்சகத்தில் அதற்கென்று ஒரு மாதிரிக் கட்டுரையே வைத்திருக்கிறார்கள். உறவுமுறையையும் ஊரையும் மாற்றிக்கொடுத்தால் போதுமாம். எதையும் பார்க்காமல் சான்று எழுதும் வேலையை வாழ்நாள் முழுக்க வெறுத்தவருக்கு அப்படிச் செய்ய எனக்குக் கூசியது.

அக்கா சேத்தியாத்தோப்பை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருக்கு ஆறு வயதாகும்போது அப்பாவுக்குச் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை கிடைத்து, குடும்பம் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்சுக்கு வந்தது. நான் அங்கேதான் பிறந்தேன். அக்கா பி.காம். முடித்து சி.ஏ. படித்தார். கடைசிக் கட்டத் தேர்வில் இரண்டு முறை தவறினார். மூன்றாம் முறை எழுதுவதற்குள் அப்பா நோயில் படுத்துவிட்டதால், ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்தில் உள்தணிக்கைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். சுரங்கத்தில் நிலக்கரியைக் கொண்டுசெல்லும் கன்வேயர்களின் இரும்புக் கட்டமைப்புகளில் உயரத்தில் ஏறிப் பழுது பார்க்க ஆள் அனுப்பும் நிறுவனம் அது. அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பயம் ஒன்றுமில்லை. அக்காவின் மலரில் அந்தப் பெயருக்கு இடம் கொடுக்க மனமில்லை.

அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த மாமாவை மணந்தார். பிள்ளைகள் இல்லை. அக்காவின் சந்தேக புத்திதான் அதற்குக் காரணம் என்று எங்கள் உறவில் ஒரு பெரியவர் மருத்துவக் கண்டுபிடிப்பு ஒன்றை வெளியிட்டார். அவரும் இன்று முன்வரிசையில் உட்கார்ந்து இதைப் புரட்டிக்கொண்டிருப்பார். நன்றாகப் படியுங்கள் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன்.

என் திருமணத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மண்டபத்தில் மளிகை அறையின் சாவியை அக்கா ஒருவரிடம் கொடுத்தார், பொருள் பட்டியலை வேறொருவரிடம் கொடுத்தார். "எங்க ஆளுங்கள திருடங்கன்னு நெனச்சிட்டீங்களா?" என்று பெண்வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். அக்கா பதறவில்லை.

"திருடுறாங்கன்னு நான் சொல்லலங்க. நாளைக்கு நெய் கொறஞ்சா சாவி வச்சிருந்தவர யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதில்ல? அவருக்காகத்தான் இது" என்றார்.

நிறுவனங்கள் உள்கட்டுப்பாடு என்று பெரிய பெயர் வைத்திருப்பது இவ்வளவுதான். வாங்குகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் இன்னொருவர், சோதித்தாயிற்று என்று கையெழுத்துப் போடுகிறவர் மூன்றாமவர். மூன்றும் ஒரே கையில் இருந்தால், அது நல்லவர் கையாகவே இருந்தாலும் ஏற்கக் கூடாது என்பார் அக்கா. தணிக்கை என்பது எழுதியிருப்பது உண்மையில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. ஆனால் பட்டம் பெற்ற பலர் இதைப் புரிந்துகொள்ளாமலே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.

அந்த நிறுவனத்தில் மூன்றும் ஒரே கையில்தான் இருந்தன. முதலாளியின் மைத்துனர் ஸ்டோர்ஸ் மேலாளர். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் இடுப்பிலும் தோளிலும் மாட்டும் சேஃப்டி பெல்ட்டுகளை அவரே வாங்குவார், அவரே சோதிப்பார், பதிவேட்டில் அவரே கையெழுத்திடுவார். ஆண்டுக்கொரு முறை சென்னையிலிருந்து வெளித்தணிக்கையாளர் ஒருவர் காரில் வருவார். ஏ.சி. அறையை விட்டு வெளியே வந்து அவர் பார்த்தது சாப்பாட்டுக்கு விரித்த வாழையிலையை மட்டும்தான். பெல்ட் பதிவேட்டைப் புரட்டி, "எவ்ளோ நீட்டா மெயின்டெயின் பண்றீங்க சார்" என்று வியந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். உண்மையிலேயே நீட்டான பதிவேடுதான். ஆண்டு முழுக்க ஒரே பேனா, ஒரே மை, ஒரு அடித்தல் கிடையாது.

அக்காவுக்கு அந்த அழகுதான் உறுத்தியது. தேதிகளைப் பார்த்தார். பொங்கலன்று பெல்ட் சோதித்திருக்கிறார்கள். புயல் மழையால் யார்டே மூடியிருந்த நாளிலும் சோதித்திருக்கிறார்கள். மறுநாள் காலை எல்லா பெல்ட்டுகளையும் யார்டில் தார்ப்பாய் விரித்து அடுக்கச் சொல்லி, எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பல பெல்ட்டுகளில் எண் தகடே இல்லை. சிலவற்றில் தையல் விட்டுப்போய் விரல் நுழைந்தது. கொக்கிகள் துருப்பிடித்து, முழுக்க மூடாமல் பாதியில் நின்றன. "அழிக்கப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதியிருந்த ஒரு பெல்ட், கம்மாபுரத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த வீரமுத்துவின் இடுப்பில் இருந்தது.

"இது பிஞ்சி போயிருக்கே, தெரியாதாங்க?" என்று கேட்டார் அக்கா.

"தெரியாம என்னாங்க மேடம். வேற கேட்டுகினேதான் இருக்கோம், குடுக்க மாட்றாங்க. இத மாட்டிகினு வந்தாதான் மேல ஏற வுடுவாங்க" என்றார் வீரமுத்து.

அக்கா அறிக்கை எழுதினார். எந்தெந்த பெல்ட், என்ன பழுது, எந்தத் தேதி பொய் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பத்தி சேர்த்தார். சோதிப்பவரும் சான்றளிப்பவரும் ஒருவராக இருக்கும்வரை பெல்ட் பதிவேட்டின் எந்தக் கையெழுத்தையும் தம்மால் ஏற்க முடியாது என்பதே அந்தப் பத்தி.

நானும் அதே நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் முதலாளியின் மைத்துனர். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, காபி வரவழைத்து, "தம்பி, ஒங்க அக்கா ரொம்ப நேர்மையானவங்க. அந்தக் கடைசிப் பத்திய மட்டும் எடுக்கச் சொல்லுங்க. பெல்ட்ட நாங்க மாத்திடறோம்" என்றார். காபி நன்றாக இருந்தது. நான் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"பெல்ட்ட மாத்திடறேன்றாங்கள்ல அக்கா. அப்பறம் எதுக்கு அந்தப் பத்தி? மொதலாளி மச்சான் மானம் போறதுல ஒனக்கு என்ன லாபம்?"

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பெல்ட்ட மாத்துனா அடுத்த வருசம் அதுவும் பழசாயிடும்டா. அப்பவும் அந்த ஆளேதான் பாக்காம கையெழுத்துப் போடுவாரு. பெல்ட்டு எனக்கு ரெண்டாவது. மொதல்ல அந்தக் கையெழுத்து."

"ஒன்னால என் வேல போயிடும்."

"போனா வேற தேடிக்கலாம். மேலேந்து விழுந்தவனுக்கு வேற முதுகெலும்பு எங்க தேடறது?"

நான் கதவை அறைந்துவிட்டு வந்தேன். பத்தி அப்படியே இருந்தது. நிறுவனம் அக்காவை உள்தணிக்கையிலிருந்து எடுத்து, கேன்டீனில் தட்டு, டம்ளர் கணக்குப் பார்க்கப் போட்டது. உறவினர் வீட்டு விசேஷங்களில் இது நல்ல நகைச்சுவையாக ஓடியது. "டம்ளர் ஆடிட்டர்" என்ற பட்டத்தைச் சூட்டியவன் என் சித்தப்பா மகன். அக்கா கேன்டீனுக்கும் சரியாக எட்டரைக்குப் போனார். தட்டுக் கழுவும் வெந்நீர் வெந்நீராகவே இல்லை என்று முதல் வாரமே எழுதிக்கொடுத்தார்.

பெல்ட்டுகள் மாறவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு பகல் ஷிப்டில், கன்வேயர் பாலத்தின் அடியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த வீரமுத்து வழுக்கினார். கொக்கி வாய் திறந்துகொண்டது. கீழே குவிந்திருந்த நிலக்கரித் தூளில் விழுந்ததால் உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மருத்துவமனையில் அவருக்கு நினைவு திரும்புவதற்கு முன்பே நிறுவனம் எழுதித் தயாராக வைத்திருந்தது: தொழிலாளி பெல்ட் கொக்கியை மாட்டவில்லை, எனவே தவறு அவருடையது. பெல்ட்டைச் சோதிக்க ஓராண்டில் ஒரு நாள் கிடைக்காதவர்களுக்கு, விழுந்தவன்மேல் பழி எழுத அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

வீரமுத்துவின் மனைவி அஞ்சலை நிறுவனத்தின் கேட்டில் நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "அவரு மாட்டிகினுதான் இருந்தாரு! உயிர் மேல ஆச இல்லாமயா ஏறுவாரு? ஒங்க வூட்டு ஆம்பளய அந்த பெல்ட்டோட ஏத்துங்கய்யா பாக்கலாம்!" சூப்பர்வைசர்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விசாரணை நடந்தது. அக்கா தாமாகவே போய்த் தம் அறிக்கையைப் பற்றிச் சொன்னார். அப்படி ஓர் அறிக்கை வந்ததே இல்லை என்றார் முதலாளி. இன்வர்டு பதிவேட்டைக் கேட்டார் அக்கா. எந்தக் காகிதத்தையும் அதில் பதிந்து கையெழுத்து வாங்காமல் அவர் கொடுத்ததே கிடையாது. பதிவேடு வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று போட்டிருந்தது முதலாளியின் சொந்தக் கையெழுத்து. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆமா சார், மறந்துட்டேன். ஆனா அந்தப் பத்திய அவங்களே அப்பறம் வேணாம்னு வாய்மொழியா சொல்லிட்டாங்க" என்றார்.

விசாரணை அதிகாரி அக்காவிடம் திரும்பினார். "நீங்க வேணாம்னு சொன்னீங்களாம்மா?"

"இல்ல சார். எடுக்கச் சொல்லி எங்கிட்ட ஆள் அனுப்புனாங்க. நான் முடியாதுன்னுட்டேன்."

"யார் வந்தாங்க?"

சூப்பர்வைசர் என்ற முறையில் அறையில் நானும் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"என் தம்பி சார். அதோ உக்காந்திருக்கான். கேளுங்க."

கேட்டார்கள். ஆமாம் என்றேன். பொய் சொல்லும் துணிவும் எனக்கு இல்லை என்பதுதான் அதில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

வீரமுத்துவின் மேல் தவறில்லை என்று தீர்ப்பாகி, அவருக்குச் சேர வேண்டிய இழப்பீடு சேர்ந்தது. சோதனையும் சான்றும் வேறு வேறு ஆட்களுக்குப் போயின. தொழிலாளியை ஏமாற்ற முயன்ற குற்றத்துக்காக நிறுவனம் கடும் நடவடிக்கை எடுத்தது: என்னை வேலையை விட்டு நீக்கியது. மைத்துனர் வேறு பிரிவுக்கு மாறி இப்போது இயக்குநராகிவிட்டார். பாதுகாப்பு வாரத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்டு மேடையில் பேசுகிறார். சென்னைத் தணிக்கையாளர் இன்னும் காரில் வருகிறார்.

நான் அக்காவிடம் இரண்டு ஆண்டுகள் பேசவில்லை. சொந்தத் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்று வீடு வீடாகச் சொன்னேன். நீங்களும் காபி கொடுத்துத் தலையாட்டினீர்கள்.

பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் என்று மாமா போனில் சொன்னார். மருத்துவமனைக்குப் போனபோது கட்டிலருகே அஞ்சலை உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். கம்மாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, வாரத்தில் மூன்று நாள் வந்துகொண்டிருந்தாராம். உறவில் யாரும் அதுவரை ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

அன்று கேட்டுவிட்டேன். "என் பேர மட்டும் விட்டிருக்கலாமே அக்கா?"

அக்காவுக்குப் பேச மூச்சு போதவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஒன்ன விட்டா, மச்சானுக்காக மொதலாளி செஞ்சதுக்கும் நான் செஞ்சதுக்கும் என்னடா வித்தியாசம்?" சிறிது நேரம் கழித்து, "நீ சாப்டியா?" என்றார்.

பதினோரு நாள் உடனிருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அக்கா போய்விட்டார்.

இந்த மலருக்கு அந்த நிறுவனம் ஒரு முழுப் பக்க அஞ்சலி அனுப்பியது. "எங்கள் நேர்மையின் தூண்" என்று தொடங்கி, கீழே முதலாளியும் மைத்துனரும் கையெழுத்திட்டிருந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தத் தூணைக் கேன்டீனில் நட்டு வைத்தவர்கள் அவர்கள்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. கடைசி வரை வந்த அஞ்சலைக்கும், சக்கர நாற்காலியில் மயானம் வரை வந்திருந்த வீரமுத்துவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அக்காவுக்கு முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியருக்கும், விசாரணையன்று பதிவேட்டை ஒளிக்காமல் எடுத்து வந்த அலுவலக எழுத்தருக்கும் நன்றி. மாலையோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு அந்தப் படமே போதும்.

மாமாவுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். முதலில் எழுதியதில் முதலாளி அக்காவிடம் "ஓர் ஆளை" அனுப்பினார் என்று மட்டும்தான் இருந்தது. விசாரணையில் அக்கா என்னைக் காட்டியதையும் விட்டிருந்தேன். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குப்பா. யார் போனாங்கன்னு இல்லையே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி எழுதினேன். போனவன் நான்தான்.