நிஷா தோற்ற சோதனை

நிஷா எங்கள் இல்லத்துக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆறடிக்கு இரண்டங்குலம் குறைவு. கட்டில் போதாமல் காலை மடக்கித்தான் படுப்பாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் முத்தம்மாவின் ஒரே பெண். வாலிபால் நன்றாக ஆடியதால் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. முதல் வருடமே முழங்கால் பிசகியது. ஆடாமல் உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்று பயந்து, சீனியர் ஒருத்தி கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. ஒன்று நான்காகி, நான்கு பத்தாகி, ஒரு நாள் கல்லூரிக் கழிவறையில் மயங்கிக் கிடந்தாள்.

எங்களுடையது கே.கே. நகரில் உள்ள பெண்களுக்கான போதை மீட்பு இல்லம். நான் அங்கே பராமரிப்பாளர். முறையாகப் பயிற்சி பெற்று, பதினெட்டு வருடமாக இதே வேலை பார்க்கிறேன். நிஷா நல்ல நோயாளி அல்ல. முதல் வாரம் சோற்றுத் தட்டை என் மேல் வீசினாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துச் சேர்த்தாள். மூன்றாவது வாரம் அவளுக்குப் பசித்தது. பசி வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஐந்தாம் மாத முடிவில் வீட்டுக்குப் போனாள்.

கல்லூரி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம் உடற்கல்வி இயக்குநர் ஜெயலக்ஷ்மி. அவர் கல்லூரியின் ஒழுங்குக் குழுவோடு சண்டை போட்டு ஒரு வாய்ப்பு வாங்கினார். நிபந்தனை கடுமை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்கள் இல்லத்துக்கு வந்து சிறுநீர்ச் சோதனை கொடுக்க வேண்டும். ஒரு முறை சோதனையில் தோற்றாலும் விளையாட்டு இடம் ரத்து.

ஆறு திங்கட்கிழமைகள் சரியாகப் போயின. ஏழாவது திங்கட்கிழமை தோற்றாள்.

சோதனை அட்டையில் போதைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு உண்டு. கோடு வந்தால் நல்லது, வராவிட்டால்தான் கோளாறு. அபின் வகைக்கான கோடு அன்று வரவில்லை. இன்னொரு அட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். அதிலும் வரவில்லை.

"என்ன போட்டே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் போடல சிஸ்டர்."

"அட்டை போட்டேன்னு சொல்லுது."

"அட்டைக்கு இன்னா தெரியும்? உன் மேல சத்தியமா போடல."

"என் மேல சத்தியம் பண்ணாதே. அஞ்சு மாசத்துல நாப்பது தடவ பண்ணிட்டே."

அவள் அழவில்லை. "வெள்ளிக்கெழம டீம் லிஸ்ட்டு போடறாங்க. இந்த நேரத்துல போடுவனா? எனக்கு பைத்தியமா கீது?" என்றாள்.

இந்த வேலையில் இதைவிட நல்ல வாதங்களைக் கேட்டிருக்கிறேன். அவள் முன்பு போட்ட மாத்திரைக்கு அட்டையில் வேறு கோடு, அது இந்தக் கோட்டைப் பாதிக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாத்திரையை மாற்றியிருக்கலாம். விதிப்படி ஜெயலக்ஷ்மிக்குப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமை கார்த்தால கமிட்டி கூடறது. அதுக்குள்ள ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்கோ. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை பட்டினப்பாக்கம் போனேன். ஒரே அறை வீடு. சொல்லாமல் போய்ச் சோதனை போடுவதுதான் எங்கள் வழக்கம். பையின் அடித்துணி, ஷூ, பவுடர் டப்பா, நாப்கின் பாக்கெட் என்று எல்லாம் பார்த்தேன். நிஷா சுவரில் சாய்ந்து நின்று, "தலகாணியும் கிழிச்சிப் பாரு" என்றாள். அதையும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

சாப்பாடு, தூக்கம் பற்றி முத்தம்மாவிடம் கேட்டேன்.

"துன்றதெல்லாம் நல்லா துன்னுது. தூக்கந்தான் வராம ரா முழுக்க பொரண்டுகினே கெடந்துச்சி. நீங்கதான் தூக்க மாத்திர கூடாதுன்னு எழுதிக் குடுத்தீங்களே. அதான் அஞ்சாறு நாளா கசகசாவ அரைச்சி பால்ல கலக்கிக் குடுக்கறேன். இப்ப நல்லா தூங்குது."

"எவ்வளவு கசகசா?"

"ஆளு நெட்டையா கீதே. மூணு கரண்டி."

கசகசா அபின் செடியின் விதை. போதை தராது, ஆனால் இவ்வளவு சாப்பிட்டால் அட்டையில் தெரியும். சோதனைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இது பொடி எழுத்தில் இருக்கிறது. பிரித்ததும் அந்தத் தாளைக் குப்பையில் போடுவது என் பழக்கம். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இருமல் மருந்து கூடாது, வலி மாத்திரை கூடாது என்று பட்டியல் எழுதிக் கொடுப்பதும் நான்தான். அதில் கசகசா இல்லை.

"தப்பு என்னுது" என்று நிஷாவிடம் சொன்னேன்.

"இப்ப சொல்லு" என்றாள்.

மறுநாள் மாலை மூவரும் கல்லூரிக்குப் போனோம். புதுச் சோதனைப் பெட்டியிலிருந்து நான் எடுத்துப்போன அந்தத் தாளை ஜெயலக்ஷ்மி இரண்டு தடவை படித்தார்.

"நான் நம்பறேன். ஆனா கமிட்டி நம்பாது. நன்னா ஜோடிச்சுண்டு வந்திருக்கான்னு சொல்லுவா."

"பாலை நிறுத்தி நாளைக்கு மறுபடி சோதிக்கலாமா?" என்று நிஷா கேட்டாள்.

அதில் பயனில்லை என்று சொன்னேன். இரண்டு மூன்று நாளில் கசகசாவும் உடம்பை விட்டுப் போய்விடும், நிஜமான போதை மாத்திரையும் போய்விடும். சுத்தமான சோதனை எதையும் நிரூபிக்காது.

முத்தம்மா கூடைக்குள் இருந்து ஒரு தூக்குச் சட்டியை எடுத்து மேசை மேல் வைத்தாள். ஜெயலக்ஷ்மியின் பக்கம் தள்ளினாள்.

"நீயே குடிச்சிப் பாரு மேடம்."

"நானா?"

"உன்ன நம்புவாங்கல்ல? என் பொண்ணு குடிச்ச அதே பாலுதான். வெசமா குடுக்கறேன்?"

"எனக்குப் பால் ஒத்துக்காதும்மா."

"ஒரு நாளிக்கி ஒத்துக்கும், குடி."

நிஷா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஜெயலக்ஷ்மி தயங்கியதற்குக் காரணம் பால் இல்லை. சோதனையில் கோடு வராவிட்டால், போதைத் தடயம் என்று அவர் பெயரில் கல்லூரியில் ஒரு காகிதம் இருக்கும். இருபத்திரண்டு வருட வேலை அவருடையது. சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் இல்லத்துக்கு வந்து சோதனை கொடுத்தார். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். மற்ற கோடுகள் எல்லாம் வந்தன. அபின் கோடு வரவில்லை.

"ஈஸ்வரா, நான் மாட்டிண்டேன்" என்றார். உடனே பேனா கேட்டார். தன் பெயர், பதவி, குடித்த அளவு, நேரம், முடிவு எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். என் பட்டியலில் இருந்த குறையைத் தனிக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை குழு முக்கால் மணி நேரம் பேசியது. ஒருவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லையாம். நிஷாவின் இடத்தை ரத்து செய்வதில்லை என்று முடிவாயிற்று. வாரச் சோதனை தொடரும், வீட்டில் கசகசா கூடாது.

மதியம் அணிப் பட்டியலை ஒட்டினார்கள். பன்னிரண்டு பெயர். நிஷா பன்னிரண்டாவது. முத்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிஷா ஜெயலக்ஷ்மியிடம் போனாள். "இன்னா மேடம், கடைசியா போட்டுக்கீறீங்க? முன்ன நான் மொத ஆறுல ஆடினவ."

"முன்னே உனக்கு முழங்கால் நன்னா இருந்தது. இப்போ ரெண்டு தடவ குதிச்சா மூச்சு வாங்கறே. ஆறுல வரணும்னா இங்க நின்னு எங்கிட்ட பேசாதே."

நிஷா முனகிக்கொண்டே பையைக் கீழே போட்டாள். முழங்கால் பட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள். பயிற்சி ஏற்கெனவே தொடங்கியிருந்தது.